துருப் பிடித்தது குழாயா, நிர்வாகமா?

2004ம் ஆண்டு ஆகஸ்ட் 9ந் தேதி, பிற்பகல் மணி 3-22. ஜப்பானின் புக்குயி மாகாணத்தில், கடலோரத்தில் உள்ள மிஹாமா அணு மின்சார நிலையம். மூன்றாவது அலகின் டர்பைன் கட்டிடத்துக்குள் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தலைக்கு மேலே சென்ற ஒரு தண்ணீர்க் குழாய் திடீரென்று கிழிந்தது. 140 டிகிரி வெப்பத்தில், அழுத்தத்தில் அடைபட்டு ஓடிய தண்ணீர் வெளியே பாய்ந்ததும் ஆவியாகிக் கட்டிடத்தை நிரப்பிற்று. அந்த ஆவியில் பதினொரு தொழிலாளர்கள் வெந்தார்கள். நால்வர் அன்றே மாண்டார்கள். ஐந்தாமவர் ஆகஸ்ட் 25ந் தேதி ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார்.

"கதிர்வீச்சு எதுவும் வெளியேறவில்லை" என்று உடனே அறிவிக்கப்பட்டது. அது உண்மைதான். உடைந்தது உலையைத் தொடாத இரண்டாவது சுற்றின் குழாய். எந்த அனல் மின்சார நிலையத்திலும் காணக்கூடிய சாதாரண எஃகுக் குழாய். ஆனால் ஐந்து தொழிலாளிகளின் வீடுகளுக்கு இந்த அறிவிப்பு என்ன ஆறுதலைத் தந்திருக்கும்?

அந்தக் குழாயின் கதையை நம் தொழிலாளர்கள், குறிப்பாக மின்சாரத் தொழிலாளர்கள், நன்கு தெரிந்துகொள்ள வேண்டும். அது ஜப்பானின் கதை மட்டுமல்ல.

பட்டியலில் இல்லாத குழாய்

குழாய் போடப்பட்டபோது அதன் கனம் 10 மில்லிமீட்டர். 4.7 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. உடைந்த பிறகு அளந்து பார்த்தார்கள். மிக மெலிந்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. அழுத்தமும் வெப்பமும் கொண்ட நீரை, தகர டப்பாவைப் போன்ற சுவர் தடுத்துக்கொண்டிருந்தது!

மூன்றாவது அலகு 1976ம் ஆண்டு டிசம்பரில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் விபத்து நடந்த நாள் வரை, ஏறக்குறைய 28 ஆண்டுகள், அந்த இடத்தின் கனத்தை யாரும் ஒரு தடவைகூட அளக்கவில்லை. ஏன்? சோதிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அந்த இடம் விடுபட்டுப் போயிற்று. பட்டியலை முதலில் தயாரித்தது உலையைக் கட்டிய கம்பெனி. 1996ல் சோதனை வேலை மின்சாரக் கம்பெனியின் துணைக் கம்பெனிக்குக் கைமாறியது. பட்டியல் கைமாறியது, அதிலிருந்த ஓட்டையும் சேர்ந்து கைமாறியது.

2003ல் துணைக் கம்பெனி அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது. மின்சாரக் கம்பெனிக்கும் தெரிவித்தது. அப்புறம் என்ன செய்தார்கள்? உடனே உலையை நிறுத்தி அளந்தார்களா? இல்லை. அடுத்த ஆண்டு, வழக்கமான சோதனைக்காக நிலையம் நிறுத்தப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்தச் சோதனை ஆகஸ்ட் 14ந் தேதி தொடங்க இருந்தது. குழாய் ஆகஸ்ட் 9ந் தேதியே உடைந்தது. ஐந்து நாட்கள்! இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்த குழாய், இன்னும் ஐந்து நாட்கள் காத்திருக்க மறுத்துவிட்டது.

நிலையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டர்பைன் கட்டிடத்துக்குள் அத்தனை பேர் ஏன் இருந்தார்கள் என்ற கேள்வியும் எழுகிறது. நிறுத்தத்துக்கு முன்பே கருவிகளையும் சாமான்களையும் கொண்டுவந்து தயாராக வைத்துவிட்டால், நிலையம் மூடிக் கிடக்கும் நாட்கள் குறையும். நாட்கள் குறைந்தால் நட்டம் குறையும். இதுதான் கணக்கு. வெந்துபோன பதினொரு பேரும் மின்சாரக் கம்பெனியின் நேரடித் தொழிலாளர்கள் அல்ல. சோதனை வேலையைக் காண்டிராக்டில் எடுத்த வேறொரு கம்பெனியின் ஆட்கள். குழாயின் நிலை அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அங்கே நிற்கவில்லை.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்

இது எதிர்பாராத விபத்தா?

விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சாதாரண எஃகின் மீது சூடான தண்ணீர் ஓடும்போது, இரும்பின் மேல் கறுப்பான ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. அந்தப் படலம்தான் இரும்புக்குக் கவசம். தண்ணீர் சாந்தமாக ஓடினால் கவசம் நிலைக்கும். ஆனால் வேகமாக ஓடும் இடத்தில், வளைவிலும், குறுகிய துளையைத் தாண்டிச் சுழித்து ஓடும் இடத்திலும், தண்ணீர் அந்தப் படலத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. இரும்பு மீண்டும் படலம் போடும். தண்ணீர் மீண்டும் கரைக்கும். இப்படி மணிக்கு மணி, ஆண்டுக்கு ஆண்டு சுவர் மெலிகிறது. 130 முதல் 150 டிகிரி வரை உள்ள வெப்பத்தில் இந்தத் தேய்மானம் மிக அதிகம். மிஹாமாவில் தண்ணீரின் ஓட்டத்தை அளக்க வைத்திருந்த துளைத் தகட்டுக்கு அடுத்தாற்போல்தான் குழாய் கிழிந்தது. எங்கே கிழியும் என்று பாடப் புத்தகம் சொல்லுமோ, சரியாக அங்கே!

இதற்கு மருந்தும் தெரிந்ததே. எஃகில் சிறிதளவு குரோமியம் கலந்தாலே இந்தத் தேய்மானம் வெகுவாகக் குறையும். தண்ணீரின் காரத்தன்மையைச் சரியாக வைத்தாலும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலி அலையை அனுப்பிச் சுவரின் கனத்தை வெளியிலிருந்தே அளக்கும் கருவி உண்டு. குழாயை அறுக்க வேண்டியதில்லை. மேலே சுற்றிய வெப்பக் காப்பைக் கழற்றிவிட்டு, பயிற்சி பெற்ற ஒரு தொழிலாளி கருவியை வைத்துப் பார்த்தால் போதும்.

முன் அனுபவம் இல்லையா? இருந்தது. 1986ம் ஆண்டு டிசம்பர் 9ந் தேதி அமெரிக்காவில், வர்ஜீனியா மாகாணத்தின் சர்ரி அணு மின்சார நிலையத்தில், இதே நோயால் ஒரு குழாய் வளைவு வெடித்தது. எட்டுப் பேர் வெந்தார்கள், நால்வர் மாண்டார்கள். அரை அங்குல கனமுள்ள சுவர் 13 ஆண்டுகளில் சில இடங்களில் பத்தில் ஒரு பங்காகத் தேய்ந்திருந்தது. உலகம் முழுவதும் இதைப் பற்றிப் பேசிற்று, ரிப்போர்ட்டுகள் எழுதப்பட்டன. 18 ஆண்டுகள் கழித்து மிஹாமாவில் அதே சுழிப்பு, அதே எஃகு, அதே சாவு.

ஆகவே நாம் சொல்கிறோம்: இரும்பு தேய்வது இயற்கை. தேய்வது தெரிந்தும் அளக்காமல் இருப்பது இயற்கை அல்ல. அது மனிதர்கள் எடுத்த முடிவு.

அமெரிக்காவில் ஒரு பள்ளம்

முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதற்கு ஓஹையோ மாகாணத்தின் டேவிஸ்-பெஸ்ஸி அணு மின்சார நிலையம் ஒரு பாடம். அங்கே உலைக் கலத்தின் மூடி ஆறு அங்குலத்துக்கு மேல் கனமுள்ள எஃகு. உலைத் தண்ணீரில் போரிக் அமிலம் கலந்திருக்கும். மூடியின் வழியே செல்லும் குழாய்களில் ஒன்று விரிசல் கண்டு, அமிலத் தண்ணீர் கசிந்தது. கசிந்தது எஃகைத் தின்றது. 2002ம் ஆண்டு மார்ச்சில் பார்த்தபோது, ஒரு பந்து அளவுக்குப் பள்ளம்! எஃகு முழுவதும் போய், உட்புறம் பூசிய துருப்பிடிக்காத எஃகுத் தகடு, ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அது ஒன்றுதான் உலையின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அடையாளம் எதுவும் தெரியவில்லையா? நன்றாகத் தெரிந்தது. 2000ம் ஆண்டிலேயே மூடியிலிருந்து செந்நிறக் கசடு வழிந்திருப்பதைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். கட்டிடத்தின் காற்று வடிகட்டிகள் துருத்தூளால் அடைபட்டு, மாதக் கணக்கில் தாங்க வேண்டியவற்றை இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வடிகட்டியை மாற்றினார்களே தவிர, துரு எங்கிருந்து வருகிறது என்று தேடவில்லை.

2001ம் ஆண்டு இறுதிக்குள் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று சர்க்காரின் அணுசக்தி ஒழுங்குமுறைக் கமிஷன் விரும்பியது. கம்பெனி அவகாசம் கேட்டது. கமிஷன் பிப்ரவரி 16 வரை அவகாசம் கொடுத்தது. பின்னர் அந்தக் கமிஷனின் சொந்த இன்ஸ்பெக்டர் ஜெனரலே விசாரித்து, கம்பெனிக்கு ஏற்படும் பண நட்டத்தைக் குறைக்கும் எண்ணமே அந்த முடிவுக்குப் பெரும் காரணம் என்று எழுதினார். காவலுக்கு வைத்தவனே வீட்டுக்காரனின் கணக்குப் பிள்ளை ஆனால் கதி என்ன? கம்பெனி பிறகு 54½ லட்சம் டாலர் அபராதமும், குற்ற வழக்கைத் தவிர்க்க 2 கோடியே 80 லட்சம் டாலரும் கட்டியது. நிலையம் இரண்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. சில வாரம் ஓட்டிச் சம்பாதிக்க நினைத்தவர்கள், இரண்டு ஆண்டுகளை இழந்தார்கள். உயிர்ச்சேதம் நேராதது திட்டத்தால் அல்ல. மெல்லிய தகட்டின் தயவால்.

நிறுத்தியவர்கள் செய்தது

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. 2021ம் ஆண்டு இறுதியில் பிரான்சில், சிவோ நிலையத்தில், பத்தாண்டுச் சோதனையின்போது அவசரக் குளிர்விப்புக் குழாய்களில் அரிப்பு விரிசல்கள் தென்பட்டன. துருப்பிடிக்காத எஃகில், வெல்டிங் செய்த இடத்தின் அருகில், கண்ணுக்குத் தெரியாத விரிசல். ஒரு நிலையத்தில் கண்டதும், அதே மாதிரி நிலையங்களை அடுத்தடுத்து நிறுத்திச் சோதித்தார்கள். 2022ம் ஆண்டின் ஒரு கட்டத்தில், வழக்கமான பராமரிப்பில் இருந்தவற்றையும் சேர்த்து, நாட்டின் 56 உலைகளில் ஏறக்குறைய பாதி ஓடவில்லை. ஐரோப்பா எரிவாயுவுக்குத் தவித்த ஆண்டு அது! அணு மின்சார உற்பத்தி 279 லட்சம் கோடி வாட்-மணியாக, முப்பது ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு வீழ்ந்தது. மின்சாரக் கம்பெனியின் நட்டம் 1,790 கோடி யூரோ. அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

பெரிய விலைதான். ஆனால் தொழிலாளர்கள் உயிரோடு இருக்கிறார்கள். பழுதான குழாய்கள் வெட்டி எடுக்கப்பட்டுப் புதியவை வைக்கப்பட்டன. நட்டத்தின் சுமை மக்களின் தலையில் விழுந்ததும் உண்மை. கட்டும்போதும் காக்கும்போதும் மிச்சம் பிடித்த செலவு, என்றாவது ஒருநாள் வட்டியும் முதலுமாக வந்தே தீரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் கடற்கரையில்

நம் நாட்டுக்கு வருவோம். நம் மின்சார நிலையங்கள் பல கடலோரத்தில் நிற்கின்றன. வடசென்னை, தூத்துக்குடி அனல் நிலையங்கள், கல்பாக்கம், கூடங்குளம் அணு நிலையங்கள், எல்லாம் கடல் தண்ணீரால் குளிர்விக்கப்படுபவை. உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் இரும்பை என்ன செய்யும் என்பதைக் கடலோரத்தில் சைக்கிள் வைத்திருக்கும் எவரும் அறிவர்.

கண்டன்சரில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். உள்ளே கடல் தண்ணீர். வெளியே டர்பைனிலிருந்து வரும் நீராவி. நீராவிப் பக்கத்தில் அழுத்தம் காற்றழுத்தத்தைவிடக் குறைவு. ஒரு குழாயில் குண்டூசித் துளை விழுந்தால் போதும், கடல் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். உப்பு பாய்லருக்குப் போகும். பாய்லர் குழாயின் உட்புறக் கசட்டுக்கு அடியில் உப்பு சேர்ந்து அமிலமாகும். அமிலம் இரும்பைத் தின்னும்போது பிறக்கும் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கச் செய்யும். பிறகு ஒருநாள் குழாய் சன்னல் திறந்ததுபோல் வாய் பிளக்கும். அனல் நிலையங்கள் எதிர்பாராமல் நின்றுபோவதற்குப் பாய்லர் குழாய்ப் பழுதே உலகெங்கும் முதல் காரணங்களில் ஒன்று.

இதை முதலில் கண்டுபிடிப்பவர் யார்? இரவு ஷிப்டில் ரசாயனக் கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கும் தொழிலாளி. தண்ணீர் கடத்தும் மின்சாரம் உயர்ந்ததும் உப்பு நுழைந்ததை அவர் அறிவார். அவருடைய குறிப்பைப் பார்த்து அலகை நிறுத்த உத்தரவு வருமா, அல்லது "நாளை வரை ஓட்டுங்கள், மின்சாரம் தேவை" என்று உத்தரவு வருமா? ஒரு நிலையத்தின் யோக்கியதை இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

எதிர்பாராத இடத்தில் அரிப்பு வரும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2016ம் ஆண்டு மார்ச் 11ந் தேதி குஜராத்தின் காக்ரபார் அணு நிலையத்தின் முதல் அலகில் குளிர்விப்புக் குழாய் ஒன்று கசிந்தது. அதன் வெளிப்புறத்தில் அரிப்புப் புள்ளிகள் காணப்பட்டன. பார்க்கும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதே இதன் படிப்பினை.

நமக்கு அறிவு இல்லையா? காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் நடக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து, நேரு அடிக்கல் நாட்டிய அந்த நிலையத்தில் உலோக அரிப்பு முக்கியமான ஆராய்ச்சி. மண்டபத்தில் கடல் தண்ணீரிலேயே உலோகங்களை வைத்துச் சோதிக்கும் கூடமும் அதற்கு உண்டு. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் இதற்கென விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். மக்களின் வரிப் பணத்தில் வளர்ந்த இந்த அறிவு, பாய்லரின் அடியில் நிற்கும் தொழிலாளிக்குப் போய்ச் சேருகிறதா என்பதே கேள்வி.

அடியில் நிற்பவர் யார்?

நெய்வேலியை மறக்க முடியுமா? 2020ம் ஆண்டு மே 7, ஜூலை 1 ஆகிய தேதிகளில், இரண்டாம் அனல் நிலையத்தின் பாய்லர்களில் அடுத்தடுத்து விபத்து. அங்கே காரணம் துரு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மிஹாமாவிலும் காண்டிராக்ட் ஆட்கள். நெய்வேலியிலும் காண்டிராக்ட் ஆட்கள். இது தற்செயலா?

நிரந்தரத் தொழிலாளி இருபது ஆண்டு ஒரே பாய்லரோடு வாழ்கிறார். அதன் சத்தம் மாறினால் அவருக்குத் தெரியும். எந்த வளைவு எப்போது மாற்றப்பட்டது என்று நினைவில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு காண்டிராக்டர் மாறினால், அந்த அறிவும் கேட்டுக்கு வெளியே போய்விடுகிறது. "இங்கே கசிகிறது" என்று சொன்னால் நாளை வேலை இருக்குமா என்று அஞ்சும் மனிதன் எப்படி வாய் திறப்பான்? வேலை நிரந்தரம் என்பது கூலிப் பிரச்னை மட்டுமல்ல. பாய்லரின் பாதுகாப்புப் பிரச்னையும் ஆகும்.

சட்டமும் இங்கே பேச வேண்டிய விஷயம். 1863ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போன பிறகுதான், அடுத்த ஆண்டு வங்காளத்தில் பாய்லர் சோதனைச் சட்டம் வந்தது. 1923ல் அகில இந்தியச் சட்டம் வந்தது. உயிர்களைக் கொடுத்து வாங்கிய சட்டம் அது. 2007ம் ஆண்டுத் திருத்தம், சர்க்கார் இன்ஸ்பெக்டருக்குப் பதிலாக மூன்றாம் தரப்பினரும் சோதிக்கலாம் என்று வழி திறந்தது. 2025ம் ஆண்டின் புதிய பாய்லர் சட்டம் அந்த வழியை அடைக்கவில்லை. உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து விளைவிக்கும் குற்றங்களுக்குத் தண்டனை நீடிக்கிறது. மற்றச் சில குற்றங்களுக்கு இனி பண அபராதம் மட்டுமே. "தொழில் நடத்துவதை எளிதாக்குகிறோம்" என்கிறார்கள். யாருக்கு எளிது? சோதனைக்குக் கூலி கொடுப்பவரே சோதிக்கப்படுபவராகவும் இருந்தால், ரிப்போர்ட் யார் பக்கம் சாயும்? டேவிஸ்-பெஸ்ஸியில் சர்க்காரின் கமிஷனே சாய்ந்ததைப் பார்த்தோம்.

செலவு, செலவு என்கிறார்கள்

"அடிக்கடி நிறுத்திச் சோதித்தால் மின்சாரம் தட்டுப்படும், செலவு ஏறும்" என்பது நிர்வாகங்களின் வாதம். மின்வெட்டு வந்தால் வாடுபவர்கள் விவசாயிகளும் தறிகாரர்களும் மாணவர்களுமே என்பதை நாம் அறியாதவர்கள் அல்ல. ஆகவே இந்த வாதத்துக்குக் கணக்கோடு பதில் சொல்கிறோம்.

உலோக அரிப்பால் உலகத்துக்கு ஏற்படும் நட்டத்தை அமெரிக்காவின் அரிப்புத் தடுப்புப் பொறியாளர் சங்கம் 2016ல் கணக்கிட்டு வெளியிட்டது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கோடி டாலர்! 2013ம் ஆண்டின் உலக உற்பத்தியில் 3.4 சதவீதம். இப்போது தெரிந்த முறைகளைச் சரியாகக் கையாண்டாலே இதில் 15 முதல் 35 சதவீதம் வரை மிச்சமாகும் என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது. இதைச் சொல்பவர்கள் தொழிற்சங்கத்தார் அல்ல, பொறியாளர்கள். திட்டமிட்டு நிறுத்துவது பத்து நாள். வெடித்து நிற்பது பல மாதம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதுதான் சிக்கனமா?

நாம் கோருவது

ஒன்று: மின்சார நிலையம் ஒவ்வொன்றிலும், அழுத்தம் தாங்கும் குழாய்கள் அனைத்தின் பட்டியலும், கடைசியாக அளந்த தேதியும், அளந்த கனமும், குறைந்தபட்சம் இருக்க வேண்டிய கனமும் எழுதி, தொழிலாளர்கள் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்கப்பட வேண்டும். அந்த ஒரு தாள் மிஹாமாவின் சுவரில் தொங்கியிருந்தால், யாராவது ஒரு தொழிலாளி "இந்தக் குழாய் ஏன் இதில் இல்லை?" என்று கேட்டிருப்பார்.

இரண்டு: சோதனை நாள் கடந்த பகுதியின் அருகில், நிலையம் ஓடும்போது ஆட்களை நிறுத்தக் கூடாது. வேலைக்குச் செல்ல மறுக்கும் உரிமை நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சமமாக வேண்டும். மறுத்ததற்காக எவரையும் பழிவாங்கக் கூடாது.

மூன்று: பாய்லர் பராமரிப்பு, தண்ணீர்ச் சோதனை, கனம் அளத்தல் ஆகியவை நிரந்தர வேலைகள். அவற்றில் நிரந்தரத் தொழிலாளர்களே இருக்க வேண்டும்.

நான்கு: இன்ஸ்பெக்டர்களின் காலி இடங்களை நிரப்பி, சோதனையைப் பொதுப் பொறுப்பாகவே வைத்திருக்க வேண்டும். சோதனைக் குழுவில் தொழிற்சங்கப் பிரதிநிதிக்கு இடம் வேண்டும்.

ஐந்து: ஒரு நிலையத்தில் குழாய் உடைந்தால், அதன் காரணம் மற்ற எல்லா நிலையங்களுக்கும், தனியார் நிலையங்கள் உட்பட, எழுத்தில் போய்ச் சேர வேண்டும். காரைக்குடி, கல்பாக்கம் விஞ்ஞானிகள் தொழிலாளர்களுக்குத் தமிழில் பயிற்சி அளிக்க ஏற்பாடு வேண்டும்.

இவை எட்டாத கோரிக்கைகள் அல்ல. ஒலி அலைக் கருவியும், ஒரு நோட்டுப் புத்தகமும், பயமின்றிப் பேசும் ஒரு தொழிலாளியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மின்சாரத் தொழிலாளர் தோழர்களே! நாளை ஷிப்டுக்குப் போகும்போது தலைக்கு மேலே செல்லும் குழாயை அண்ணாந்து பாருங்கள். அது கடைசியாக எப்போது அளக்கப்பட்டது என்று மேற்பார்வையாளரைக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் சங்கத்தில் சொல்லுங்கள். சங்கம் எழுத்தில் கேட்கட்டும். மிஹாமாவின் ஐந்து தொழிலாளர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வாய்ப்புக் கிட்டவில்லை. நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.